ஓடாதே என்று சொல்லி வளர்த்த வீடு

எங்கள் வீட்டில் ஓட்டப்போட்டியில் பரிசு வாங்கியவர் எவருமில்லை. பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி வந்தால் தம்பி கடைசி ஆளாக வந்து சேர்வான். தங்கை பாதியில் நின்று, மூச்சு வாங்குகிறது என்று மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள். நான் பேரே கொடுத்ததில்லை. அம்மா எங்களை அப்படித்தான் வளர்த்தாள். நாய் துரத்தினாலும் ஓடப்படா. மழை வந்தாலும் ஓடப்படா. பஸ் போனால் போகட்டும், ஓடப்படா மனே. மகனோ மகளோ, அவளுக்கு எல்லாரும் 'மனே'தான்.

அதற்குக் காரணம் இருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒருநாள் வயல் வட்டைக்குள் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஆமி சுற்றிவளைத்தது. கூட நின்றவர்கள் எல்லாரும் வரம்பில் குந்திவிட்டார்கள். மாமா ஓடினார். குந்தியவர்கள் பின்னேரம் நடந்து வீடு வந்தார்கள். மாமாவை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு யுத்தம் என்றால் ஒரே சட்டம்தான். ஆமி வந்தால் குந்து, அடையாள அட்டையைக் கையில் எடு, தலையைக் குனி, ஓடாதே. ஓடித் தப்பியவர்களும் ஊரில் இருந்தார்கள். படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து இந்தக் கரைக்கு ஓடிவந்து பிழைத்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பிலேயே நிறையப் பேர். அம்மா அவர்களைக் கணக்கில் எடுக்கமாட்டாள். அவள் கண்ணால் பார்த்தது மாமாவை.

நான் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். காலையில் தேற்றாத்தீவிலிருந்து வெளிக்கிட்டு, குருமண்வெளித் துறையில் பாதை ஏறி வாவியைக் கடப்பேன். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிளையும் ஆட்டையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் தட்டைப் படகு. அங்கிருந்து பஸ்ஸில் வெல்லாவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம். உயர்தர வகுப்புக்கு வருசாவருசம் ஐக்கிய நாடுகள் சாசனம் எடுக்கவேண்டும். ஒரு நாடு இன்னொரு நாட்டு மண்ணுக்குள் படையோடு போகக்கூடாது என்று அது சொல்கிறது. விதிவிலக்கு இரண்டு. தன்னை யாரும் தாக்கினால் தற்காத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பாதுகாப்புச் சபை அனுமதி கொடுக்கவேண்டும். இதைச் சொல்லிமுடித்த ஒருநாள் பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை கேட்டாள்.

"தற்காப்பு எண்டு ஆரு ரீச்சர் சொல்லுற?"

நான் வாய் திறக்கமுதல் பக்கத்தில் இருந்தவள் பதில் சொன்னாள். "உள்ளுக்குப் போறவன்தான்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இந்தப் பாடத்தோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்திய ஆமி வந்தது. சனம் மாலை போட்டது, நாங்கள் றோட்டில் நின்று கை காட்டினோம். பிறகு அதே ஆமி சப்பாத்தோடு எங்கள் குசினிக்குள் வந்து அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தது. அரசாங்கம் ஒப்பந்தம் போட்டு அழைத்து வந்த படை, ஆகவே அது படையெடுப்பு இல்லை என்று இப்போது நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பானையைக் கவிழ்த்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் சண்டை முடிகிற காலத்தில், வன்னியில் சனம் செத்துக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்ட நாட்களில், ஏதோ ஒரு பெரிய நாட்டின் கப்பல் வருகிறதாம் என்று ஒரு கதை அடிபட்டது. அம்மா பின்னேரத்தில் கடற்கரைக்குப் போய் நிற்பாள். நானும் போய் நின்றேன். ஆராவது வந்து இறங்கட்டும், சட்டத்தை ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பகலில் வகுப்பில் யாரும் யாருடைய மண்ணிலும் இறங்கக்கூடாது என்று படிப்பித்தவளும் நான்தான். கப்பல் வரவில்லை. அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கன காலம் ஆறவில்லை.

இனி என் தம்பியும் தங்கையும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். இருந்த வீடு மூத்தவளான எனக்கு வந்தது. தங்கைக்கு ஒரு வீடு கட்டவேண்டும், அதைக் கட்டிக்கொடுக்காமல் அவளுக்கு அண்ணனான என் தம்பி தலை நிமிர்ந்து நடக்கமுடியாது. வளவின் தென்பக்கத்தில் அத்திவாரம் போட்டுச் சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்ததும் கையில் இருந்தது முடிந்தது. தங்கை, தன் வீட்டைத் தானே முடிக்கிறேன் என்று லெபனானுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். தம்பி சும்மா இருப்பானா? ஏஜென்சி மூலம் இஸ்ரேலுக்கு அப்பிள் தோட்டத்து வேலைக்குப் போனான். ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் இரண்டு நாட்டில் நின்று கல் அனுப்பினார்கள்.

அந்த இரண்டு இடமும் எவ்வளவு கிட்ட என்று போகும்போது எங்களுக்குத் தெரியாது. தம்பியின் தோட்டம் எல்லைக்குப் பக்கத்தில். தங்கை வேலை செய்த வீடு எல்லைக்கு மற்றப் பக்கத்துக் கிராமத்தில். நடுவில் ஒரு மலை. தேற்றாத்தீவிலிருந்து மட்டக்களப்பு ரவுனுக்குப் போகிற தூரம்கூட இல்லை. ஆரம்பத்தில் அதுவே எங்களுக்குப் பெரிய பகிடியாக இருந்தது. வட்ஸ்அப் குறூப்பில் தம்பி மலையைப் படமெடுத்துப் போடுவான். தங்கை அதே மலையை முதுகுப் பக்கமாக எடுத்துப் போடுவாள். "அண்ணன், கையக் காட்டுங்க, தெரியுதா பாப்பம்" என்று எழுதுவாள்.

பிறகு மலைக்கு மேலால் ரொக்கட் போகத் தொடங்கியது. அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. முதலில் இரண்டு பேரும் பயந்தார்கள், பிறகு பழகினார்கள். பழகியதோடு நின்றிருந்தால் நல்லது. நியாயம் கதைக்கவும் தொடங்கினார்கள்.

தம்பியின் முதலாளி ஒரு வயதான விவசாயி. தம்பியோடு சேர்ந்து ஏணியில் ஏறிப் பழம் பறிக்கிற ஆள். அவருடைய வீட்டுக் கூரையில் ஒரு ரொக்கட் துண்டு வந்து விழுந்தது. "நாங்க ஆரிட்டயும் சண்டைக்குப் போகல்ல. அவனுகள் அடிச்சா உள்ளுக்குப் போய் நிப்பாட்டாம வேற என்ன செய்யிற?" என்று தம்பி எழுதினான்.

தங்கை கொதித்துப்போனாள். "நாங்களா? நீங்க எப்ப அண்ணன் அவங்கட ஆளானீங்க? எங்கட பக்கத்து வீட்டுப் புள்ள பள்ளிக்குப் போயே கன நாள். உள்ளுக்கு வந்தா ஆரு சாகிற எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

நான் இடையில் புகுந்து, "உங்க ரெண்டு பேருக்கும் அந்தந்த நாட்டில வோட்டு இரிக்கா?" என்று கேட்டேன். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. தம்பி என்னிடம் திரும்பினான். "அக்கா, நீங்கதானே படிப்பிக்கிற. தற்காப்புக்குப் போகலாமா இல்லியா?" தங்கையும் விடவில்லை. "சொல்லுங்கக்கா, இன்னொரு நாட்டுக்குள்ள போகலாமா?" இரண்டு பேருக்கும் சாசனத்தில் இடமிருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். பாதையில் நின்று வாவியைப் பார்த்தபடி ஒரு பதிலை எழுதி அழித்தேன், இன்னொன்றை எழுதி அழித்தேன். கடைசியில் "ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா" என்று அனுப்பினேன்.

யுத்தம் பெருத்தது. தங்கையின் வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பெய்ரூட்டுக்குப் போனார்கள். வீட்டுக்காரரின் தகப்பன் பாரிசவாதத்தில் படுத்த படுக்கை. பேச்சும் இல்லை, ஒரு கை மட்டும் அசையும். அவரையும் தங்கையையும் கூட்டிப்போகத் திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவளுடைய பாஸ்போட்டும் அவர்களோடுதான் போனது. றோட்டு முழுக்க வாகனம், அவர்கள் திரும்பி வரவில்லை.

தம்பி குறூப்பில் எழுதினான். "தங்கச்சி, வெளிக்கிடு. இங்க ஆமி வந்து குவியிது. தோட்டத்துக்குள்ளால டாங்கி போகுது. நிக்காத."

அம்மா என் போனை வாங்கிக் குரல் அனுப்பினாள். "ஓடாத புள்ள. வீட்டுக்குள்ள இரி. ஆமி வந்தா குந்து, கடதாசிகளக் கையில எடு, தலையக் குனி. ஓடினாத்தான் சுடுவானுகள்."

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களும் அதைத்தான் சொன்னார்கள். சுற்றிவளைப்புக் காலத்தில் வாழ்ந்த சனத்துக்கு வேறு என்ன தெரியும்? கோயிலோ பள்ளிக்கூடமோ கிட்ட இருந்தால் அங்கே போய் இருக்கட்டும் என்றார் ஒருவர். வெள்ளைச் சீலை கட்டச் சொல்லு என்றார் இன்னொருவர். அங்கே வானத்திலிருந்து வந்த நெருப்புக்கு நீ குந்தியிருக்கிறாயா ஓடுகிறாயா என்பது தெரியாது. எங்களுக்கு அது எட்டவில்லை.

தங்கைக்கு அம்மா சொன்னதே வசதியாக இருந்தது, கிழவனாரை விட்டுப் போகவேண்டியதில்லை. தம்பி திரும்பத் திரும்ப எழுதினான். கடைசியில் அவள் வாய் திறந்தாள். குரல் பதிவு. இன்றைக்கும் அதைத் திரும்பக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"உங்கட பக்கத்தால வாறதுதான் எங்கட தலையில விழுது. நீங்க எனக்குப் புத்தி சொல்லுறீங்க. இங்கால இருந்து உங்கட பக்கம் போறதக் கேட்டா எனக்குச் சந்தோசமாத்தான் இரிக்கி. ஒவ்வொண்டும் போகக்க சந்தோசமா இரிக்கி."

தம்பி குறூப்பை விட்டு விலகினான். எனக்குத் தனியாக ஒரு வரி எழுதினான்: "பயத்தில சொல்லுறாள் அக்கா. நீங்க ஒண்டும் கேளாதங்க."

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. அப்பிள் பழுத்தால் பறிக்கத்தான் வேண்டும். தம்பியும் வேறு நாட்டுத் தொழிலாளர் சிலரும் தோட்டத்துக்குள் நின்றபோது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ரொக்கட் அவர்களுக்கு நடுவில் விழுந்தது. ஏஜென்சிக்காரர் பகல் சாப்பாட்டு நேரம் வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் பள்ளிக்கூடத்தில். எனக்குப் போன் எடுத்துச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. திரும்பி வரும்போது பாதைக்காரர் என்னிடம் காசு வாங்கவில்லை. அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

பிரேதம் வராத செத்தவீட்டில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. சனம் வந்து உட்காரும், அழத் தொடங்கும், பார்த்து அழ எதுவுமில்லாமல் நிறுத்தும். பறைமேளக்காரர் எந்த நாள் வரவேண்டும் என்று கேட்டார். நாங்களே அதை ஏஜென்சியிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவளுடைய வாயில் ஒரே கேள்வி. "தங்கச்சிக்கு ஆரும் சொல்லிப்போடல்லயே?"

சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று சொந்தக்காரர் எல்லாரிடமும் கையெடுத்துக் கேட்டோம். அங்கே கரண்டும் இல்லை, அவள் சார்ஜைச் சேமித்து ஒருநாளைக்குக் கொஞ்ச நேரம்தான் போனைப் போடுவாள். தனியாக, படுக்கையில் கிடக்கிற ஒரு மனிதரோடு, அந்தக் குரல் பதிவையும் அனுப்பிவிட்டு இருக்கிறவளுக்கு இதை எப்படிச் சொல்வது? அந்த நாட்களில்தான் அவளிடமிருந்து எனக்கு ஒரு குரல் வந்தது.

"அக்கா, அண்ணன் என்ட கோலை எடுக்கிறாரில்ல. கோவமா இரிக்கிறாரா? அண்டைக்குச் சொன்னது மனசில இருந்து சொன்னதில்ல எண்டு சொல்லுங்க. அண்ணனுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதெண்டு தெரியும்தானே. இனி அவரு சொல்லுறதத்தான் கேப்பன். இரிக்கச் சொன்னா இரிக்கிறன், போகச் சொன்னாப் போறன்."

நான் அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்போதுதான் அம்மா அழுதாள்.

மறுநாள் காலை ஏஜென்சிக்காரர் திரும்பவும் வந்தார். தம்பியின் முதலாளி அம்மாவோடு கதைக்க விரும்புகிறாராம். போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். நரைத்த தாடியோடு ஒரு மனிதர், பின்னால் அப்பிள் பெட்டிகள். அவர் இங்கிலீஷில் சொல்ல, ஏஜென்சிக்காரர் தமிழில் சொன்னார். நல்ல பிள்ளை, என் மகனைப் போல என்றார் அந்த மனிதர். அவருடைய கண் சிவந்திருந்தது. அது நடிப்பில்லை. பொய்யாக அழுகிறவர்களை நாங்கள் போதுமான அளவு பார்த்திருக்கிறோம். பிறகு குரலை உறுதியாக்கிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"உங்கட மகண்ட உயிர சும்மா விடமாட்டாங்களாம் அம்மா" என்றார் ஏஜென்சிக்காரர். "ஆமி உள்ளுக்குப் போகுதாம். இவர்ட மகனும் போறாராம்."

"எங்க உள்ளுக்கு?"

"லெபனானுக்குள்ள அம்மா."

அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "வேணா. வேணா மனே, எண்ட புள்ளைக்காக ஒண்டும் செய்ய வேணாமெண்டு சொல்லு. அங்க எண்ட மற்றப் புள்ள இரிக்கிறா. காலில விழுந்து கேக்கிறன் எண்டு சொல்லு."

ஏஜென்சிக்காரர் போனைப் பார்த்து, அம்மா மிகவும் நன்றி சொல்கிறா என்று இங்கிலீஷில் சொன்னார். என்னுடைய இங்கிலீஷ் பெரிய திறம் இல்லை, ஆனால் அது விளங்காத அளவுக்கு மோசமும் இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. இன்னும் எத்தனையோ பிள்ளைகளை அங்கே அனுப்பவேண்டிய மனிதர், செத்தவீட்டில் ஒரு தாயின் கூச்சலை முதலாளிக்கு எப்படி மொழிபெயர்ப்பார்? ஆனால் எனக்கு அந்த நேரம் அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. போனைப் பறித்தேன். தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னேன். அம்மா நன்றி சொல்லவில்லை. போகவேண்டாம் என்கிறா. என் தங்கை அங்கே இருக்கிறாள்.

அவர் கிராமத்தின் பெயரைக் கேட்டார். சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தாழ்ந்த குரலில், இன்றைக்கே வெளிக்கிடச் சொல்லுங்கள், வடக்கே போகட்டும், நாளைவரை இருக்கவேண்டாம் என்றார். மன்னியுங்கள் என்றும் சொன்னார். கோல் நின்றுவிட்டது.

வகுப்பில் இத்தனை வருசம் நான் விதிவிலக்கு என்று படிப்பித்த சாசனத்துப் பந்திக்குள் இப்போது என் தம்பி இருந்தான். அவனைக் கொன்றதுதான் தாக்குதல். அதற்குத்தான் பதில். அந்தப் பதில் போய்ச் சேர்கிற வீட்டில் அவன் யாருக்காக அப்பிள் பறித்தானோ அவள் இருந்தாள். அந்த மனிதர் சொன்னது பிழை என்று என்னால் அவருக்குச் சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லவும் முடியவில்லை. அவருடைய மகனும் ஒருவேளை வீடு திரும்பாமல் போகலாம் என்ற நினைப்பும் வந்து தொலைத்தது. வெறுக்கக்கூட நிம்மதியாக விடவில்லை.

தங்கை போனைப் போடும் நேரத்துக்குக் காத்திருந்தோம். போட்டாள். வெளிக்கிடு, வடக்கே போ, இன்றைக்கே போ என்று நான் கத்தினேன்.

"அம்மா ஓடப்படா எண்டாவே அக்கா. கிழவனார என்ன செய்யிற? பக்கத்துத் தெருவில கடைசி லொறி நிக்குது, இருக்கத்தான் இடம், படுக்கவைக்க இடமில்லயாம். அண்ணன்ட கேட்டுச் சொல்லுங்க. அண்ணன் என்ன சொல்லுறாரு?"

அம்மா என் கையிலிருந்து போனை எடுத்தாள்.

"அண்ணன் சொல்லுறான் மனே. ஓடட்டுமாம்."

"கிழவனார்?"

"அவர விட்டுப்போட்டு ஓடட்டுமாம்."

"அண்ணனா சொன்னாரு?"

"ஓம் மனே. அண்ணன்தான். இப்பதான் சொன்னவன்."

மாமாவைத் தூக்கிவந்த நாளிலிருந்து ஓடாதே என்பதைத் தவிர வேறு புத்தி சொல்லாத என் அம்மா, போனை மடியில் வைத்துக்கொண்டு, "ஓடு மனே, ஓடு, ஓடு" என்று கோல் நின்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆமி உள்ளே போனது. ரீவியில் அந்தக் கிராமத்தின் பெயர் வந்தது, வாசிக்கிறவர் அதைப் பிழையாக உச்சரித்தார். தங்கையின் போன் வேலை செய்யவில்லை. இடையில் தம்பியின் பெட்டி வந்தது. திறக்கக்கூடாது என்று சொல்லித்தான் தந்தார்கள். அவனை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து, இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத இன்னொருத்திக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மனிதருக்கு ஒரு நேரத்தில் ஒரு துக்கம்தான் பிடிக்கும் போலும். தம்பிக்காக நான் ஒழுங்காக அழவே இல்லை. அந்தக் கடன் இன்னும் அப்படியே கிடக்கிறது.

கடைசியில் பெய்ரூட்டில் ஒரு தேவாலய மண்டபத்திலிருந்து, யாரோ ஒரு பெண்ணின் போனில் அவள் எடுத்தாள். எங்கள் நாட்டுப் பெண்கள் நிறையப் பேர் அங்கே தரையில் படுத்திருந்தார்களாம். "வந்து சேந்துட்டன்" என்றாள். "அண்ணன்ட சொல்லுங்க." எப்படி வெளிக்கிட்டாள், கிழவனாரை எப்படி விட்டாள் என்று நாங்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டுக்காரப் பெண்ணை அங்கே கண்டாளாம். கிழவனாரின் வீடு இருந்த அந்தத் தெருவே இப்போது இல்லையாம் என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அண்ணனைக் கேட்டாள். தெற்கே ஒரு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள், போன் உடைந்துவிட்டது என்றோம். நம்பினாளா என்று தெரியாது. நம்பத்தான் விரும்பியிருப்பாள்.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினேன். தவணைப் பரீட்சைக்கு, சட்டம் தடுக்கும்போது ஒரு படையெடுப்பை நியாயப்படுத்த முடியுமா என்று ஒரு கேள்வி. அது நான் முதலே எழுதிக் கொடுத்திருந்த கேள்வி. விடைகளைத் திருத்த உட்கார்ந்தேன். முடியாது என்று எழுதியிருந்த பிள்ளைகளைப் பார்க்க, என் தம்பி செத்தது உங்களுக்கு ஒன்றுமில்லையா என்று கோபம் வந்தது. முடியும் என்று எழுதியிருந்த ஒருவனுடைய விடையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவன் காரணங்களை நன்றாகத்தான் அடுக்கியிருந்தான். விடைத்தாள் கட்டை அப்படியே மூடி, பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னேன்.

பாஸ்போட் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற தற்காலிகக் கடதாசியில் தங்கை நாடு திரும்பினாள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் கூட்டி வந்தார்கள். அன்று காலை முழுக்க நானும் அம்மாவும் சண்டை. சுவரில் மாட்டியிருந்த தம்பியின் படத்தைக் கழற்றிவைப்போம், வந்து ஒரு வாய் சோறு தின்னட்டும், பிறகு சொல்லலாம் என்றாள் அம்மா. இன்னும் ஒரு பொய் சொல்ல என்னால் ஏலாது என்றேன் நான். படம் சுவரிலேயே இருந்தது.

அவள் மெலிந்துபோயிருந்தாள். வாசலில் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள், என்னைக் கட்டிப்பிடித்தாள். "அண்ணனும் வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். எங்களுடைய முகத்தில் எதையோ கண்டிருக்கவேண்டும். நிமிர்ந்து பார்த்தாள்.

படத்தின் கீழே, வழக்கம்போல, தோற்றமும் மறைவும் அச்சடித்திருந்தோம். கிட்டப்போய் மறைவுத் திகதியை வாய்க்குள் வாசித்தாள். விழுந்து புரண்டு அழப்போகிறாள் என்று நான் பிடிக்கத் தயாராக நின்றேன். அவள் அழவில்லை. திகதியைத் திரும்பவும் வாசித்தாள். எதையோ யோசித்துக் கணக்குப் பார்ப்பது தெரிந்தது.

"அப்ப அண்டைக்குக் கிழவனார விட்டுப்போட்டு ஓடச் சொன்னது ஆரு?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"நாந்தான் மனே."

தங்கை அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தபடி, அண்ணனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவரு என்ட கைய விடல்ல. ஏலுமான கையால இறுக்கிப் பிடிச்சிக்கிட்டாரு. அண்ணன் சொல்லிட்டாரே எண்டுதான், விரல ஒவ்வொண்டாக் கழட்டினன்."